களக்காட்டுக்குப் பிரியும் தடம்

“மைனி, காலைக் கீழ வச்சிராதீங்க! அங்கன சேரன்மாதேவி இருக்கு!”

நிலைப்படியைத் தாண்டித் தூக்கிய காலை வடிவம்மாள் அந்தரத்திலேயே நிறுத்தினாள். இடுப்பில் துணிமூட்டை கனத்தது. தெருவில் பளிச்சென்று வெயில் அடித்ததால் உள்ளே முதலில் இருட்டாகத்தான் தெரிந்தது. கண் பழகப் பழகக் கூடம் துலங்கியது. தரை முழுக்கப் பலகைகள் பரப்பியிருந்தன. பலகைகளின்மேல் விரற்கடை அகலத்துக்கு இரண்டு தகரக் கோடுகள் ஒன்றையொன்று விடாமல் ஓடி, தூண்களைச் சுற்றி, முற்றத்து ஓரமாக வளைந்து, மறுபடி வாசலுக்கே வந்தன. அவள் கால் வைக்கப்போன இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு வீடு நின்றது. அதன் முன்னால் ஈர்க்குச்சியில் ஒட்டிய அட்டை.

அடுக்களையிலிருந்து ஓடிவந்த தம்பி மனைவி ஞானம்பாள் மூட்டையை வாங்கிக்கொண்டாள். “இப்பிடி வாங்க. ஆத்தைத் தாண்டி வாங்க.”

ஆறு என்பது பழைய பட்டுச்சேலை ஒன்றின் நீலக் கரை. கிழித்து நெடுக விரித்திருந்தார்கள். வடிவம்மாள் வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தாமிரவருணியைத் தாண்டினாள்.

தண்டவாள வளையத்துக்கு நடுவே, பாயில், அவள் தம்பி பாபநாசம் படுத்திருந்தான். கழுத்துவரை கம்பளி. முழங்கால்களை மடக்கி உயர்த்தியிருந்ததால் கம்பளி இரண்டு முகடுகளாக எழுந்து நின்றது. முற்றத்து வெளிச்சம் அந்த முகடுகளின் பின்னாலிருந்து வந்தது. ஊரிலிருந்து பார்த்தால் பொதிகை மலை இப்படித்தான் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளியின் நுனியை விலக்கினாள். பாதம் வீங்கிப் பளபளத்தது. விரலால் அமுக்கியபோது விழுந்த குழி நிரம்பாமல் அப்படியே இருந்தது.

“வா அக்கா,” என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “புகைவண்டிலயா வந்த?”

“சேரன்மாதேவி மட்டும் மாட்டுவண்டி. அங்கேருந்து புகைவண்டி.”

“எப்பிடி இருந்துச்சு?”

“என்னத்த எப்பிடி? கரி. கண்ணு நெறயக் கரி.”

அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. “பாலத்துமேல வரயில சத்தம் மாறும். கவனிச்சியா?”

அவள் கவனிக்கவில்லை. வழிநெடுகக் கண்ணை மூடிக்கொண்டு, போய்ச் சேரும்வரை தம்பிக்கு உயிர் இருக்குமா என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

“கவனிச்சேன்,” என்றாள்.

“ம்,” என்று கண்ணை மூடிக்கொண்டான், அந்தச் சத்தத்தை அவனும் ஒருமுறை கேட்டுக்கொள்வதுபோல.

வைத்தியர் முந்தின நாளே கைவிட்டுவிட்டதாக ஞானம்பாள் அடுக்களையில் வைத்துச் சொன்னாள். நீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. இனி மருந்து கொடுத்துச் சிரமப்படுத்த வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வடிவம்மாளுக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை. அவளுக்கு இந்த வீடே பிடிபடவில்லை. ஆழ்வார்குறிச்சியில் தம்பி விளையாட்டு ரயில் விட்டுக்கொண்டிருக்கிறான் என்று களக்காட்டில் அவள் காதில் விழுந்து வருஷக்கணக்காகிறது. உன் தம்பி வீட்டுக்குப் போக டிக்கெட்டு எடுக்கணுமாமே என்று சம்பந்தி வீட்டில் ஒருத்தி கேட்டுச் சிரித்திருக்கிறாள். பிள்ளை இல்லாத வீடு, ஏதோ ஒரு மூலையில் ஒரு பொம்மை இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வீடு முழுக்க இதுவே இருக்கும் என்று நினைக்கவில்லை.

“ஞானம், இதெல்லாத்தையும் எடு. தரையக் கழுவி விடணும். ஓதுவாரக் கூப்பிட்டுத் தேவாரம் படிக்கச் சொல்லணும். நாலு பேரு பாக்க வருவாங்க. வந்தவங்க நிக்க எடம் வேண்டாமா?”

“ஓதுவாரு வரட்டும் மைனி. படிக்கட்டும். இது ஒரு பக்கம் கெடக்கும்.”

“நான் எடுன்னு சொல்லுதேன்.”

“அவுக சொன்னா எடுத்துருவேன்.” ஞானம்பாள் குரலை உயர்த்தவில்லை. முறத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. “நீங்க சொன்னா எடுக்க மாட்டேன்.”

புகுந்த வீட்டிலும் சரி, பிறந்த வீட்டிலும் சரி, வடிவம்மாளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்போதுதான் முறத்தைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். பெருவிரலிலும் உள்ளங்கையிலும் சின்னச் சின்னதாய்ச் சுட்ட தழும்புகள், சில பழையவை, ஒன்று இன்னும் கொப்புளமாகவே இருந்தது. அடுப்பில் சுட்டால் இப்படிப் பொட்டுப் பொட்டாகச் சுடாது.

“கையில என்ன?”

“ஈயம்,” என்றாள் ஞானம்பாள். “பத்தவைக்கயில தெறிக்கும்.”

பிறகு, கேட்காமலே, கல் பொறுக்கியபடியே சொன்னாள்.

கொழும்பில் கடை வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த வண்டி அது. சீமையில் செய்தது. சாவி கொடுத்தால் ஓடும். பெட்டிக்குள் ஓர் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் வட்டமாக மாட்டுகிற தண்டவாளமும் இருந்தன.

“சுத்தும், சுத்தும், சுத்திக்கிட்டே கெடக்கும். கொஞ்ச நாளு சந்தோசமாப் பாத்தாக. பொறவு ஒருநா, ‘என்னட்டி இது, செக்குமாடு மாதிரி. வண்டின்னா ஒரு எடத்துல பிரிஞ்சு போவணும்லா’ன்னாக. அன்னைலேருந்து இந்தப் பாயிண்டுதான் மைனி.”

ஒரு தடம் இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு ரயில்காரர்கள் பாயிண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் ரயில் வந்து பத்து வருஷம் ஆகப்போவதால் ஊரில் எல்லோருக்குமே அந்தச் சொல் தெரியும். கொழும்புக்குச் சொல்லியனுப்பி விலைக்கு ஒன்று வாங்கினார்களாம். அது பெரிய வண்டிக்கு உள்ளது. இவர்கள் வண்டி அதற்குள் தொபுக்கென்று விழுந்துவிட்டது. பிறகு அம்பாசமுத்திரத்தில் ஒரு தட்டாரிடம் சொல்லிச் செய்தார்கள்.

“நகை மாதிரி செஞ்சு குடுத்தாரு. பாக்கதுக்கு அம்புட்டு அழகு. வண்டி ஏறுனாத்தானே? பொறவு நாங்களே செய்ய ஆரம்பிச்சோம். நம்ம பாத்திரக்கடையிலதான் பித்தளைத் தகடு கெடக்கே.”

“நாங்களேன்னா?”

“அவுக வரைஞ்சு தருவாக. நான் அராவிப் பத்தவைப்பேன்.”

கணவனும் மனைவியும் விளக்கடியில் உட்கார்ந்து பித்தளை அராவுகிற காட்சியை வடிவம்மாள் மனதில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் இடையே முப்பது வருஷத்தில் நெல்லும் வைக்கோலும் பிள்ளைகளின் காய்ச்சலும் தவிர வேறு பேச்சு இருந்ததாக நினைவில்லை. அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். அவுக சொன்னா எடுத்துருவேன் என்றாளே, அவனையே சொல்ல வைத்துவிடலாம்.

பாபநாசம் கண்ணை மூடியிருந்தான். மூச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் மலை முகடுகள் லேசாக அசைந்தன. முற்றத்துக்கு மேலே மேகம் வந்து, வெயில் ஒரு நிமிஷம் மங்கி, மறுபடி தெளிந்தது. அப்படி மங்கித் தெளியும்போது தரையில் கிடந்த அந்தச் சின்ன நாடு உயிரோடு அசைவதுபோல் தோன்றியது. தவிட்டு மூட்டையைப் பச்சைச் சாயத்துணியால் மூடி வயற்காடு செய்திருந்தார்கள். பனைமரங்கள் விளக்குமாற்றுக் குச்சிகள். திருநெல்வேலி ஸ்டேஷன் பூஜையறை வாசலில் இருந்தது. செங்கோட்டை அடுக்களைப் பக்கம். யாரும் இல்லாத ஒரு ஸ்டேஷனில் யாருக்காகவோ வண்டி காத்திருந்தது.

“பாபநாசம்,” என்றாள் பைய.

“அக்கா.” கண் திறக்கவில்லை. “சேரன்மாதேவியிலேருந்து தெக்க ஒரு தடம் பிரியுதுல்லா. அதப் புடிச்சுக்கிட்டே போ. கடைசில ஒரு போர்டு இருக்கும். என்ன எழுதியிருக்குன்னு வாசி.”

அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே நகர்ந்து போனாள். வாசலருகில் நின்ற தீப்பெட்டி வீட்டிலிருந்து ஒரு தடம் பிரிந்து, சுவரோரமாகத் தனியே போய், அரிசிக் குதிருக்குக் கீழே முடிந்தது. அங்கே இன்னொரு தீப்பெட்டி வீடு. இதற்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் கோலம்கூடப் புள்ளியாய் இட்டிருந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

“க... ள... க்...”

அதற்குமேல் வாசிக்கவில்லை.

அம்மா இறந்தபோது பாபநாசத்துக்கு நடக்கக்கூடத் தெரியாது. அவள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அவளைக் களக்காட்டில் கட்டிக்கொடுத்து வண்டியேற்றிய அன்று, அவன் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தான். ஆற்றங்கரை வரைக்கும் ஓடிவந்தான். யாரோ தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கால்கள் காற்றில் ஓடிக்கொண்டே இருந்தன. பெரியவனான பிறகு, அவள் புருஷன் செத்த வருஷம், வண்டி கட்டிக்கொண்டு களக்காட்டுக்கு வந்தான். ‘வா அக்கா, நம்ம வீட்டுக்குப் போவோம்’ என்றான். மகன் வீட்டை விட்டுவிட்டுத் தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று அவள் கேட்டாள். கொடுத்த மோரைக் குடிக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அதற்கப்புறம் அவனும் வரவில்லை, அவளும் வரவில்லை. சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. வழி தூரம், அவ்வளவுதான் என்று இருவருமே கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டார்கள்.

“களக்காட்டுக்கு எங்கலே ரயிலு இருக்கு?” என்று கேட்டாள்.

“இல்ல. போடவும் மாட்டானுவ. அதான் நான் போட்டேன்.” மூச்சு வாங்கினான். “ஆனா வண்டி இன்னும் போவல அக்கா. பாயிண்டுல வந்து விழுந்துருது. எத்தனையோ செஞ்சு பாத்தாச்சு.”

“போனா என்ன, போவாட்டா என்ன. அதான் நான் வந்துட்டேம்லா.”

“நீ வந்த, சரி,” என்றான். “திரும்பிப் போவணும்லா.”

தண்டவாளத்தை எடுக்கச் சொல்ல வந்தவள், சேலைத் தலைப்பால் அந்தச் சுண்ணாம்பு வீட்டின் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

மத்தியானம் ஓதுவார் வந்தார். திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். அவர் எதையும் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. இந்த வீட்டுக்கு அடிக்கடி வருகிறவர்தான் போலிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பாட்டு முடிகிற நேரத்தில் சாரல் இறங்கியது. முற்றத்தில் விழுந்த தூறல் காற்றில் புகைபோல் சாய்ந்து கூடத்துக்குள் வர, தண்டவாளங்கள் நனைந்து மின்னின. பாபநாசம் விழித்தும் விழிக்காமலும் கிடந்தான். நடுவில் ஒருமுறை, “கல்லிடைக்குறிச்சி தாண்டியாச்சா?” என்று கேட்டான். யாரும் பதில் சொல்லுமுன் மறுபடி தூங்கிப்போனான்.

ஓதுவார் போனபிறகு ஞானம்பாள் தரையில் குனிந்து உட்கார்ந்தாள். “வண்டி எங்கன விழுதுன்னு காட்டுதேன் பாருங்க.”

எஞ்சின் கறுப்பும் பச்சையுமாக, கையடக்கமாக இருந்தது. அவள் சாவி கொடுத்து வைத்தாள். வண்டு முரலுவதுபோல் ஒரு சத்தம். சேரன்மாதேவியை நெருங்கியதும் ஞானம்பாள் கொண்டை ஊசியால் செய்த ஒரு கம்பியை அமுக்கினாள். நாக்கு மாதிரி இரண்டு பித்தளைத் துண்டுகள் ஒருசேர நகர்ந்தன. எஞ்சின் சொன்னபடி கேட்டுத் தெற்கே திரும்பியது. இரண்டு தடங்களும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. அங்கே வந்ததும் சக்கரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாததுபோல் ஒரு கணம் தயங்கி, தவறான பக்கம் இறங்கி, எஞ்சின் மல்லாந்து விழுந்தது. புரண்ட வண்டின் கால்களைப்போல் சக்கரங்கள் வெறும் காற்றில் சுழன்றுகொண்டே இருந்தன.

“இவ்வளவுதான்,” என்றாள் ஞானம்பாள். “எப்பவும் இங்கனதான்.”

வடிவம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னொரு தரம் விடச் சொன்னாள். மறுபடி விழுந்தது. அவளுக்கு எரிச்சல் வந்தது. யாரோ வேண்டுமென்றே காலை இடறிவிட்டதுபோல.

“ஏட்டி, இந்தச் சக்கரம் பிடிமானம் இல்லாம அலையுது. எதிர்ச் சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டா இது எங்க போவும்? தெருமுக்குல தேரு திரும்பயில என்ன செய்வாங்க? ஒரு சக்கரத்துக்கு அணைவாக் கட்டை போடுவாங்கள்லா. அது மாதிரி இந்தப் பக்கம் ஒண்ணு வைக்கவேண்டியதுதானே?”

ஞானம்பாள் அவளையே பார்த்தாள்.

பாயிலிருந்து சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து இருவரும் திரும்பினார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஸ்டேஷன்ல பாத்திருக்கேன் அக்கா. பாயிண்டுக்கு எதிர்த்தாப்புல, உள்பக்கமா, ஒரு துண்டு இரும்பு கெடக்கும். மிஞ்சுன இரும்ப எடுத்துட்டுப் போவச் சோம்பல்பட்டு அங்கனயே போட்டுட்டானுவன்னு நெனச்சேன். இத்தன வருசமா...” சிரிப்பு நிஜமாகவே இருமலாகிவிட்டது. வடிவம்மாள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். தடவுகிற கைக்குக் கீழே எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

பின்கட்டுத் தாழ்வாரத்தில் கரி அடுப்பை மூட்டினார்கள். ஞானம்பாள் தகட்டை வெட்டி, வளைத்து, அராவினாள். வடிவம்மாள் பனையோலை விசிறியால் கரியைக் கனலவைத்தாள். சாரல் ஓட்டில் விழுகிற சத்தமும் அரம் உரசுகிற சத்தமும் தவிர ஒன்றும் இல்லை. பித்தளைத் துண்டைக் குறட்டால் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது வடிவம்மாள் பிடித்துக்கொண்டாள். உருகிய ஈயம் ஒரு பொட்டு தெறித்து அவள் ஆட்காட்டி விரலில் விழுந்தது. அவள் குறட்டின் பிடியை விடவில்லை.

“சுட்டுட்டா மைனி?”

“இல்ல. நீ வேலையப் பாரு.”

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேலை முடிந்தது. மழை விட்டிருந்தது. முற்றத்துக்கு மேலே வானம் இன்னும் வெளிறிக் கிடந்தது. அணைப்பாகச் செய்த தகட்டைச் சின்ன ஆணியால் பலகையில் அடித்தாள் ஞானம்பாள். ஆணி அடிக்கிற சத்தத்தில் பாபநாசம் விழித்தான். அவனைத் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வேண்டாம் என்று கையால் காட்டினான். படுத்தபடி விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானம்பாள் சாவி கொடுத்தாள். “நீங்க அமுக்குங்க மைனி.”

வண்டி திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டது. பூஜையறை விளக்கு எஞ்சினின் முதுகில் ஒரு பொட்டு வெளிச்சமாக ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. வடிவம்மாள் சுட்ட விரலால் கொண்டை ஊசியை அமுக்கினாள். நாக்கு நகர்ந்தது. எஞ்சின் திரும்பியது. அந்த இடைவெளிக்கு வந்தபோது அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். எதிர்ப்பக்கச் சக்கரம் புது அணைப்பில் லேசாக உரசியது. கிரீச்சென்று ஒரு மெல்லிய சத்தம். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தடக், தடக்கென்று அதைக் கடந்தன. வண்டி சுவரோரத் தடத்தில் தனியாகப் போயிற்று. இதுவரை எந்தச் சக்கரமும் படாத தடம். வெளிச்சம் எட்டாத இடத்துக்குப் போனதும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் தேய்ந்து தேய்ந்து நின்றது.

வடிவம்மாள் குனிந்து பார்த்தாள். சுண்ணாம்பு வீட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே சாவி தீர்ந்து எஞ்சின் நின்றிருந்தது.

“வந்துட்டா?” என்று கேட்டான்.

“வந்துட்டு,” என்றாள். கையை நீட்டி ஒரு விரலால் அதை ஸ்டேஷன் வரைக்கும் தள்ளிவிட்டாள்.

“சத்தம் கேட்டுது.” பிறகு, “மோர் இருக்கா?” என்று கேட்டான். ஞானம்பாள் பெருங்காயம் போட்டுக் கரைத்துக்கொண்டுவந்தாள். அரைச் சங்கு குடித்தான். அதன்பிறகு வண்டியைப் பற்றி அவன் பேசவேயில்லை. வாசலில் முல்லை பூத்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டான். அக்காளின் பேரன் பேத்திகளைப் பற்றிக் கேட்டான். பெயர்கள் குழம்பின.

காலையில் மூச்சு கொஞ்சம் லேசாக இருந்ததுபோல் பட்டது. முகம்கூடத் தெளிந்திருந்தது. ‘நான் போயி ரெண்டு வாளி ஊத்திட்டு வந்துருதேன் மைனி’ என்று சொல்லி ஞானம்பாள் பின்கட்டுக் கிணற்றடிக்குப் போனாள். வடிவம்மாள் நொய்க்கஞ்சியை ஆற்றிச் சங்கால் புகட்டினாள். முதல் வாய் விழுங்கினான். இரண்டாவது வாயும். மூன்றாவது கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு, “இன்னும் ஒரு வாய், பாபநாசம்,” என்றாள்.

முற்றத்து ஓட்டு நுனியில் ராத்திரி மழையின் சொட்டு ஒன்று திரண்டு, நீண்டு, விழுந்தது. அவள் சங்கைக் கீழே வைத்தாள். அவன் மூக்கருகில் புறங்கையைக் கொண்டுபோய்க் காத்திருந்தாள். பிறகு அந்தக் கையாலேயே அவன் இமைகளை மூடினாள்.

பின்கட்டிலிருந்து வாளி கிணற்றில் இறங்குகிற சத்தமும், ஏறுகிற சத்தமும், தண்ணீர் கல்லில் விழுகிற சத்தமும் வந்துகொண்டிருந்தன. மஞ்சள் உரசுகிற சத்தம் வந்தது. வடிவம்மாள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். எழுந்து நாலு அடி வைத்தால் கிணற்றடி. அவள் எழவில்லை. தம்பியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் குளியல் முடிகிறவரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஞானம்பாள் ஈரத்தலையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக வந்து நிலையில் நின்றபோது, அவள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்லவேண்டி இருக்கவில்லை.

செய்தி போய் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அடுத்த தெருவிலிருந்து பங்காளி ஆவுடைநாயகம் வந்தார். கொள்ளி வைக்கவேண்டியவர் அவர்தான். கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைகளை ஏவினார். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, நீர்மாலைக்கு ஆள் போயிற்று. பாடை கட்டப் பச்சை மட்டை வந்தது. ஞானம்பாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றிக் கூடி அழுதார்கள். அவள் அழுகை சத்தமில்லாமல் வெகுநேரம் கழித்து வந்தது.

“ஏய், இந்தத் தகரத்தையெல்லாம் முதல்ல அள்ளுங்கப்பா,” என்றார் ஆவுடைநாயகம். “ஆளு நடமாட வேண்டாமா? பாடையத் தூக்கிட்டு வரயில எவனாவது இடறி விழுந்தா என்னாவுறது?”

இரண்டு பேர் குனிந்தார்கள். ஒருவன் கை சேரன்மாதேவிப் பலகையைத் தொட்டுவிட்டது.

“கெடக்கட்டும்,” என்றாள் வடிவம்மாள்.

“அக்கா, எடம் பத்தாதே,” என்றான் குனிந்தவன்.

“பத்தும். தாண்டிப் போங்க.”

“நாலு பேரு தோள்ல சொமந்துக்கிட்டு எப்பிடிக்கா...”

“காலத் தூக்கி வைங்க அண்ணாச்சிமாரே.” அவள் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் எல்லோரிடமும் சொன்னாள். “பையப் போங்க. ஒண்ணும் அவசரம் இல்ல.”

ஆவுடைநாயகம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்தவர்களை நிமிரச் சொல்லிக் கை காட்டினார்.

மத்தியானத்துக்குமேல் எடுத்தார்கள். கூடத்திலிருந்து வாசலுக்குப் போகிற அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்க வெகுநேரம் ஆயிற்று. தூக்கியவர்கள் ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பார்த்து வந்தார்கள். முன்னால் வந்தவர் “தடம்” என்று பைய எச்சரிக்க, பின்னால் வந்தவர்களும் முழங்காலை உயர்த்தி, தண்ணீரில் நடக்கிறவர்களைப்போல, ஒவ்வோர் அடியாக வைத்தார்கள். வயற்காட்டைத் தாண்டினார்கள். ஆற்றைத் தாண்டினார்கள். தோளில் அவன் லேசாக ஆடி ஆடிப் போனான். வாசலில் சங்கு முழங்கியது. தெருவில் பறை ஒலித்தபிறகும் கூடத்துக்குள் ஒரு விளக்குமாற்றுக் குச்சிகூடச் சாயாமல் நின்றது.

மறுநாள் காலை வண்டிக்கு அவள் மகன் காந்திமதிநாதன் வந்தான். ஸ்டேஷனிலிருந்து தந்தி போய், ஆள் போய், விஷயம் தெரிந்து ராத்திரியே புறப்பட்டானாம். மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். காடாற்றுக்குச் சுடுகாடு போய்ப் பால் ஊற்றிவிட்டு வந்து சாப்பிட்டான். வெயில் தாழ்ந்தபோது பையைக் கையில் எடுத்தான்.

“சாயங்கால வண்டிக்குக் கெளம்புவோமா அம்மா?”

“நீ கெளம்பு.”

“சரி, பதினாறு கழியட்டும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன். என்னைக்கு வரட்டும்?”

வடிவம்மாள் அவன் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த கரித்தூளைத் தட்டிவிட்டாள். “பாத்துப் போ. பாலத்துமேல வண்டி போவயில தலைய வெளிய நீட்டாத,” என்றாள்.

அவன் தடங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வெளியே போனான்.

அவள் பின்கட்டுக்குப் போனாள். கிணற்றடியில் நேற்றைக்குத் தண்ணீர் காய்ச்சிய அண்டாவும் குடங்களும் கரிபிடித்துக் கிடந்தன. ஞானம்பாள் அண்டாவை மடியில் சாய்த்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வடிவம்மாள் ஒரு குடத்தை இழுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். ஞானம்பாள் தலையைத் தூக்கவில்லை. சிரட்டையிலிருந்த புளியில் பாதியைக் கிள்ளி, சாம்பலோடு சேர்த்து இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இருவரும் தேய்த்தார்கள். கரி கரைந்த தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து, மண்ணில் ஒரு வழி பிடித்து, வாழைமரத்தடியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.